பிரியாணி மாஸ்டர் வீட்டில் கை நனைத்தது

ஜூன் 2, திங்கள்

என் பெயர் கன்னியப்பன். இதை எழுதியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று எழுதியதை இன்று காலை படித்தேன். அப்படியே இருக்கிறது. பேசியது காற்றோடு போய்விடும். எழுதியது நமக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தினமும் கொஞ்சம் எழுதச் சொன்னவர் ஷகிலா டீச்சர். சத்துணவுக்கூடத்தில் மாலையில் எங்களுக்கு எழுத்தறிவு வகுப்பு எடுக்கிறார். வகுப்பில் பெண்கள்தான் அதிகம். ஆண்கள் நானும் இன்னொருவரும். அவரிடம் கண்ணாடி கிடையாது. என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படிப்பார். அவர் படித்து முடிக்கும்வரை எனக்கு உலகம் மங்கலாக இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

நான் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டராக இருந்தவன். மோட்டார் போடுவது, தெருத் தெருவாக வால்வு திறப்பது, மூடுவது. என் தலை அங்கேதான் நரைத்தது. மோட்டார் அறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. வேலையில் இருந்தவரை அதன் மேல் என் துண்டைக் காயப் போடுவேன். இன்று போய் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘அனுமதியின்றி உள்ளே வருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.’

மழைக்கு ஒதுங்கியவர்கள், சீட்டாடியவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் என்று பாதி ஊரை அந்த அறையில் உட்கார வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து என் மனைவி பட்டம்மாளிடம் சொன்னேன். முதலில் என்னைத்தான் பிடித்து உள்ளே போட்டிருக்க வேண்டும் என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று கொஞ்சம் அதிகம் எழுத வேண்டும். கை வலித்தால் நிறுத்தி நிறுத்தி எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு புதிய பாடம். ஒவ்வொருவரும் ஒரு பத்தி படிக்க வேண்டும். எனக்கு வந்த பத்தியில், நாம் தின்னும் ஒரு கிலோ கறிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் செலவாகியிருக்கிறது என்று இருந்தது. ஆடு மாடு குடிப்பது மட்டும் இல்லை. அவை தின்னும் தீவனம் விளையக் குடிப்பதும் சேர்த்து. பாலுக்கும் அப்படித்தான். காட்டை அழிப்பதும் பூமி சூடாவதும் கூட அதில் வந்தது. ஆனால் நான் தண்ணீரிலேயே நின்றுவிட்டேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இரண்டாம் முறை படித்தேன். தப்பில்லை.

பாலாற்றுப் படுகையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு எந்த ஆழத்தில் தொடங்கியது, எங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் குழாயை இன்னும் கீழே இறக்கிய கூட்டத்தில் நானும் நின்றேன். ஆளுக்கு இரண்டு குடம் என்று வால்வை மூடியவனும் நான்தான். பட்டம்மாளின் புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருக்கிறது. குழாயடியில் குடத்தால் வாங்கியது. இரண்டு குடத்துக்காக நெற்றி உடைந்த ஊரில், ஒரு கறிச் சோற்றுக்குப் பின்னால் ஒரு தெருவின் தண்ணீர் போகிறது. இத்தனை காலம் அது எனக்குத் தெரியாது. படிக்கத் தெரியாததால் தெரியாது. இப்போது படித்துவிட்டேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வால்வுச் சாவியை ஒப்படைத்துவிட்டேன். ஆனால் என்னிடம் இன்னும் ஒரு வால்வு இருக்கிறது. என் வாய். அதை யாரையும் கேட்காமல் நானே மூடலாம்.

கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய் எல்லாம் இன்றோடு நிறுத்தம்.

ஜூன் 9, திங்கள்

பட்டம்மாளிடம் சொன்னேன். மருமகள் லோகுவும் பேத்தி சங்கவியும் இருந்தார்கள். என் மகன் இறந்த பிறகு நாங்கள் நால்வர்தான் வீடு. லோகு தையல் வேலைக்குப் போகிறாள். சங்கவிக்கு ஷூ கம்பெனியில் கணக்கு வேலை.

“இன்னாயா, சாமியாரா போறியா?” என்றாள் பட்டம்மாள்.

தண்ணீர்க் கணக்கைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே புருவத்தைத் தடவினாள். பிறகு, வீட்டுக்கு ஒரே குழம்புதான், எனக்கென்று தனியாக வைக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். மதியம் எனக்குத் தனியாகத்தான் கீரை கடைந்திருந்தாள்.

ஜூன் 11, புதன்

டீக்கடையில் பால் இல்லாத டீ கேட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்று ஒருவர் முடிவு கட்டினார். மூலம் என்று இன்னொருவர். கறியையும் விட்டுவிட்டேன் என்றதும் ஒரே சிரிப்பு. “நைனா அய்யராயிட்டாருப்பா, டம்ளரத் தள்ளி வையி” என்றான் டீ மாஸ்டர். அய்யர் பால் குடிப்பார், நான் அதையும் குடிக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் அய்யருக்கும் மேலே போய்விட்டேன் என்றார்கள்.

நீ ஒரு ஆள் விட்டால் பூமி குளிர்ந்துவிடுமா என்று கேட்டார்கள். குழாயை ஒரு ஆள் மூடினால் தொட்டி நிறைந்துவிடாது. இருந்தாலும் திறந்துவிட்டுப் போகிறவனை நான் திட்டாமல் விட்டதில்லை. இதைச் சொன்னதும் டீ மாஸ்டர் என் டம்ளரை நீட்டினான். பால் இல்லாத டீ நன்றாகத்தான் இருந்தது.

கறிக்கடைப் பக்கம் இப்போது போவதில்லை. மேலத் தெரு வழியாகச் சுற்றி வருகிறேன். அங்கே நிழல் அதிகம்.

ஜூன் 14, சனி

அடகுக்கடை சேட்டு என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். அவர் பரம்பரையாகக் கறி தின்னாதவர். நான் அவர்கள் பக்கம் வந்துவிட்டேன் என்று மிகவும் சந்தோஷம். தட்டில் பால்கோவா வைத்தார். பாலும் நிறுத்திவிட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பாலில் என்ன பாவம் என்று கேட்டார். பாவம் புண்ணியம் எனக்குத் தெரியாது, தண்ணீர்தான் தெரியும் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் பக்கம் போகவில்லை. எங்கள் பக்கத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். நடுவில் நல்ல காற்று வருகிறது.

ஜூன் 17, செவ்வாய்

நல்ல சேதி. சங்கவிக்கு வரன். தரகர் ஒரே ஒரு போட்டோதான் கொண்டுவந்தார். வழக்கமாக ஒரு கட்டு கொண்டுவருவார். பையன் பெயர் யுவராஜ். இவள் வேலை செய்யும் அதே ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராம். போட்டோவைச் சங்கவியிடம் காட்டினோம். பார்க்கக்கூட இல்லை, சம்மதம் என்றாள். நல்ல அடக்கமான பெண்.

பையனுடைய அப்பா பேரணாம்பட்டில் பிரியாணி மாஸ்டர் தனபால். கல்யாணத்துக்கு அண்டா கணக்கில் பொங்கிப் போடுகிறவர். இதைக் கேட்டதும் பட்டம்மாள் என்னைப் பார்த்தாள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம். எங்கள் சனத்தில் சம்மதம் என்று வாயால் சொல்வதில்லை. அந்த வீட்டில் கை நனைப்போம். உட்கார்ந்து சாப்பிட்டால் பெண் கொடுக்கிறோம் என்று அர்த்தம். ஆடி பிறந்துவிட்டால் இந்தப் பேச்செல்லாம் நின்றுவிடும். அதற்குள் கை நனைத்தாக வேண்டும்.

எனக்கு ஒன்றும் கவலையில்லை. உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றேன். பட்டம்மாள் விடவில்லை. பிரியாணி மாஸ்டர் வீட்டு வாசலில் நின்று கறி தின்ன மாட்டேன் என்று சொல்வது, செருப்புக் கடையில் நின்று செருப்புப் போட மாட்டேன் என்பது போல என்றாள். வயிறு சரியில்லை என்று சொல்லச் சொன்னாள். லோகுவும் அதுதான் சரி என்றாள். பெண்கள் இருவர் சேர்ந்து சொன்னால் நான் மறுப்பதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

போய் வந்தோம். நல்ல வீடு. பின்பக்கம் பெரிய கொட்டகை, அண்டாக்கள், விறகு. யுவராஜ் தலையைக் குனிந்தே இருந்தான். சங்கவியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. காப்பி வந்தபோது, சங்கவிக்கு என்றால் சர்க்கரை குறைவாகத்தான் வேண்டும் என்று மட்டும் சொன்னான். எப்படியோ ஊகித்துவிட்டான்.

மாஸ்டர் தன் கையால் பிரியாணி போட்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டு, முன்னால் பெரிய வாழை இலை விரித்தார். முதல் இலை எனக்கு. வயிறு சரியில்லை என்றேன். காப்பியும் வேண்டாம் என்றேன். இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடித்தார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். பட்டம்மாள் மூன்று தடவை வாங்கினாள், என் பங்குக்கும் சேர்த்து என்றாள்.

வாசனை வந்தது. வராமல் இருக்குமா. அவ்வளவுதான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பசி காதை அடைத்தது. வேகவைத்த கடலை ஒரு பொட்டலமும் இரண்டு வாழைப்பழமும் வாங்கித் தின்றேன். நல்ல ருசி. அப்போது மாஸ்டரே வண்டியில் வந்து இறங்கினார். நான் குடையை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அதைக் கொடுத்தார். என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

“வயிறு இப்ப தேவலையா பெரியவரே?”

“நல்லா கீதுப்பா” என்றேன்.

அக்கறையான மனிதர். ஒரு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். எத்தனை வேலையோ.

ஜூன் 26, வியாழன்

வகுப்பில் பரீட்சை. ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. கண்ணாடி இல்லாதவர் முப்பத்தெட்டு. கண்ணாடியைக் கொஞ்சம் சீக்கிரம் கொடுத்திருந்தால் நாற்பதைத் தாண்டியிருப்பேன் என்று என்னிடமே குறை சொல்கிறார்.

பேரணாம்பட்டிலிருந்து போன் வரவில்லை. ஆனி மாதம், முகூர்த்த மாதம். மாஸ்டருக்குக் கை ஓயாது.

ஜூன் 29, ஞாயிறு

போன் வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

சங்கவிக்குக் கண் சிவந்திருக்கிறது. ஷூ கம்பெனியில் பசை வாடை அதிகம் போல. அவள் கணக்குப் பிரிவில்தான் உட்காருகிறாள். அங்கேயும் வருமாயிருக்கும்.

ஜூலை 4, வெள்ளி

தரகர் வந்தார். என்னிடம் பேசவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்று லோகுவிடம் பேசிவிட்டுப் போனார். லோகு வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“மாமா, பெண் வூட்டுப் பெரியவர் வயிறு சரியில்லன்னு எயுந்தா இன்னா அர்த்தம்னு ஊருக்கே தெரியும். நமக்கு மட்டும் எப்பிடி மறந்துபோச்சு?”

அது எனக்குத் தெரியும்தான். பிடிக்காத இடத்தில் காலங்காலமாகச் சொல்லும் சாக்கு அதுதான். என் அப்பாவும் ஒரு வரனை அப்படித்தான் தட்டிக்கழித்தார். அன்று நாங்கள் பிரியாணியைப் பற்றி மட்டும் யோசித்தோம். வார்த்தையைப் பற்றி மூவரும் யோசிக்கவில்லை.

வயிறு சரியில்லை என்றதோடு நின்றிருந்தால்கூட, என்ன குறை என்று வந்து கேட்டிருப்பார்களாம். பஸ் ஸ்டாண்டில் மாஸ்டர் கண்ணால் பார்த்துவிட்டார். அதற்கு மேல், நான் கறியை விட்டுவிட்டுச் சேட்டு கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். ஒரே சனத்தில் இருந்துகொண்டு இவர் மட்டும் ஒசந்துவிட்டாரா, பஸ் ஸ்டாண்டுக் கடலையைச் செரிக்கிற வயிறு எங்கள் வீட்டுச் சோற்றுக்குத்தான் நோகிறதா என்று மாஸ்டர் கேட்டாராம். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். எழுத்து கோணலாக வந்திருக்கிறது. பேனா சரியில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பட்டம்மாள் சண்டை போட்டாள். சத்தமாக இல்லை. அவள் மெதுவாகப் பேசினால்தான் சண்டை.

“ஒரு துண்டு. வாயில போட்டு முயுங்கிட்டு வந்துடு. அப்புறம் உன் இஷ்டத்துக்கு மாட்டுத் தீனிய தின்னுகினு கெட.”

ஒரு துண்டுக்கு மட்டும் வால்வைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா. எத்தனை பேர் என் மோட்டார் அறைக்கு வந்து ஒரே ஒரு குடம் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்குத் திறந்தால் தெருவே வந்து நிற்கும். இதைச் சொன்னேன். அது தண்ணீர், இது பேத்தி என்றாள்.

கீரை ஆறிப்போனது.

ஜூலை 9, புதன்

சங்கவி என்னோடு பேசாமல் இருந்தாள். இன்று பேசினாள். வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“எத்தினி கொடம் மிச்சமாச்சு தாத்தா?”

கணக்குப் போடவில்லை என்றேன். கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னாள். தெரு முனைவரை போய்த் திரும்பி வந்தாள். தான் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். வைத்துக்கொள்ளவில்லை. இங்கே எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 12, சனி

வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. நாளை நான் தனியாகப் பேரணாம்பட்டு போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டரிடம் நேரில் உண்மையைச் சொல்வேன். அதற்கு மேலும் அவர் இலை போட்டுக் கறி வைத்தால்

இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அடியில் என்ன இருந்தது என்று என்னாலேயே படிக்க முடியாதபடி அடித்திருக்கிறேன்.

வேட்டி துவைத்துப் போட்டாயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. முழுவதும் எழுதுவேன்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்கவில்லை. வரிசையாக நின்ற பஸ்களின் நெற்றியை ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘பேரணாம்பட்டு’ நீளமான பெயர். நான் படித்து முடிப்பதற்குள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. கையைத் தட்டி ஏறினேன். எந்த பஸ் என்று தெரிந்துதான் ஏறுகிறாயா பெரியவரே என்று கண்டக்டர் கேட்டார். போர்டில் போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா என்றேன். இப்படி ஒரு வார்த்தை சொல்லும் பாக்கியம் எனக்கு வரும் என்று நினைத்ததில்லை. போகிற காரியத்தைக் கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

வீட்டில் கொட்டகை நிறையப் புகை. கல்யாணத்துக்குப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு அண்டாவில் அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தீயைக் குறைத்தார்.

நான் நின்றபடியே சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொன்னேன் என்றேன். தொட்டி, வால்வு, கோடை, குடம், படித்த பாடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேட்டு வைத்த பால்கோவாவையும் தொடவில்லை என்றேன்.

“எங்க வாசல்ல வந்து நின்னுகினு, என் பொயப்பு பாவம்னு சொல்றீங்க.”

“உன் அண்டாவ மூடச் சொல்ல நான் வரலப்பா. என் வாய மூடினதத்தான் சொல்ல வந்தேன். பொண்ணு உன் வூட்டுக்கு வரும். அது கறி திங்கும், பிரியாணி திங்கும். அதும்மேல நான் கை வெக்கல.”

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“பெண் வூட்டுப் பெரியவர் எங்கூட்டுல கை நனைக்கணும். நனைக்காம எப்பிடி? பிரியாணி வூட்ல பிரியாணி திங்க மாட்டேன்றீங்க. பச்சடி தயிரு. காப்பி பாலு. அப்ப நான் இன்னாத்தப் போடறது உங்களுக்கு? விறகையா?”

நியாயமான கேள்வி. நேற்று அடித்த வரி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போதுதான் வேறொரு வாசனை வந்தது. புளி, எள்ளு, நல்லெண்ணெய். கொட்டகையின் கோடியில், சுவரோரமாக, ஒரு சின்ன அடுப்பில் மாஸ்டரின் மனைவி சுலோச்சனா தனியாக நின்று எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். போன தடவை அவரைக் காப்பித் தட்டோடு பார்த்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அது என்ன என்று கேட்டேன்.

“அதுவா?” என்றார் மாஸ்டர். “அது கத்திரிக்கா. பிரியாணிக்குத் தொட்டுக்க.”

ஆம்பூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பிரியாணி இலையின் ஓரத்தில் அந்தக் கத்திரிக்காய் எப்போதும் இருக்கும். எத்தனை கல்யாணத்தில் அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் கறியைத் தேடியிருப்பேன். அதில் பால் இல்லை, தயிர் இல்லை, நெய் இல்லை. போன தடவை மடித்த அந்த முதல் இலையின் மூலையிலும் அது வந்திருக்கும். நான் வைக்க விடவே இல்லை.

“அதப் போடும்மா” என்றேன் சுலோச்சனாவிடம். “வெறும் சோத்தோட.”

வெறும் சோறு எங்கே இருக்கிறது என்றார் மாஸ்டர். இருந்தது. பிரியாணியில் சேர்ப்பதற்காக முக்கால் பதத்தில் வடித்த சீரகச் சம்பா, கூடை நிறைய ஆவி பறக்க இருந்தது. இன்னும் கறியோடு கலக்கவில்லை. மாஸ்டர் அந்தக் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது வேகாத சோறு, அதை யாருக்கும் போட மாட்டேன், என் பேர் போய்விடும் என்றார்.

“நீங்க அப்பால போங்க” என்றார் சுலோச்சனா. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது. கூடையிலிருந்து சோற்றை அள்ளி, ஒரு சின்னச் சட்டியில் கஞ்சி ஊற்றி, இன்னும் கொஞ்சம் வேகவைத்தார். இலை விரித்தார். சோற்றைக் கொட்டி, நடுவில் குழி பறித்து, கத்திரிக்காயை எண்ணெயோடு ஊற்றினார்.

செம்புத் தண்ணீர் வந்தது. கை கழுவினேன். உட்கார்ந்தேன்.

சாப்பாட்டைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. வகுப்பில் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. கத்திரிக்காய் உடையாமல் முழுசாக இருந்தது. தொட்டால் வெண்ணெயாக விட்டது. புளிப்பு முதலில் வந்தது, பிறகு காரம், அப்புறம் எள்ளு. அதை ஓரத்தில் வைப்பது அநியாயம்.

இன்னொரு தடவை கேட்டேன். வைத்தார். மறுபடி கேட்டேன். அவர் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

“கண்ணாலம் கட்டிகினு வந்த நாள்ளேர்ந்து இத நான்தான் செய்றேன். மாஸ்டர் பிரியாணி மாஸ்டர் பிரியாணின்னு ஊரே சொல்லுது. இத இன்னொரு தபா போடுன்னு கேட்ட மொத ஆளு இவுருதான்.”

மாஸ்டர் ஏதோ வேலை இருப்பது போல அண்டாவுக்குத் திரும்பினார். அங்கே வேலை எதுவும் இல்லை. வெறும் கரண்டியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“பொண்ணு வர்றா” என்றார் சுலோச்சனா அவர் முதுகைப் பார்த்து. கேட்கவில்லை, சொன்னார். “ஆவணில நாளு பாருங்க.”

கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் ஒரு கத்திரிக்காயைக் காம்பைப் பிடித்துத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து குடையை என் கையில் கொடுத்தார். இந்தத் தடவையும் மறந்திருக்கிறேன்.

“பஸ் ஸ்டாண்டுல கடலை கிடலை வாங்கித் தின்னாதீங்க மாமா” என்றார். “எனக்கு மானம் போவுது.”

மாமா என்றார். போன தடவை பெரியவரே.

ஜூலை 15, செவ்வாய்

வீட்டில் சொன்னதும் லோகு அழுதாள். சங்கவி என் எதிரில் வந்து நின்று, என்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டதாக ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

பூமிக்குள் போகும் குழாயைக் கண்ணால் பார்க்க முடியாது. வால்வைத் திறந்தால் வருகிற சத்தத்தை வைத்துத்தான் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகிறது என்று சொல்ல வேண்டும். தரகர் ஒரே ஒரு போட்டோவோடு வந்தபோதே, சங்கவியும் யுவராஜும் முன்பே பேசிவைத்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது. இந்த நோட்டில் எழுதவில்லை. பேத்தி என்றைக்காவது எடுத்துப் படித்தால் கூச்சப்படுவாளே.

இப்போது எழுதியாயிற்று. படித்தால் படிக்கட்டும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. பேரணாம்பட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையக் கத்திரிக்காய் வந்தது. யுவராஜ் கம்பெனியில் சங்கவியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். அடியில் கரண்டி தட்டும்வரை பட்டம்மாள் தின்றாள், எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

வீட்டில் பால் வாங்கி வைக்க மறந்துபோய்விட்டதாம். பட்டம்மாளும் கடுங்காப்பி குடித்தாள். நேற்றும் மறந்துபோயிருந்தாள்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. என் பெயரை நானே படித்தேன். கன்னியப்பன் – பட்டம்மாள் பேத்தி என்று இருக்கிறது. விரலை வைத்துப் பட்டம்மாளுக்கும் காட்டினேன். எது தன் பெயர் என்று கேட்டாள். காட்டினேன். வெகுநேரம் அதிலேயே விரலை வைத்திருந்தாள்.

மதியம் மாஸ்டர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். கல்யாணத்துக்கு அவரேதான் பிரியாணி போடுவார், அதை யாருக்கும் விட மாட்டார். கத்திரிக்காய்க்கு இந்தத் தடவை பெரிய அண்டா, சுலோச்சனாவின் உத்தரவு. இலைக் கணக்கு எடுக்கிறார்.

“கறி இல்லாத எலை எத்தினி போடட்டும் மாமா?”

“ஒண்ணு போதும்ப்பா” என்றேன்.

பட்டம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. புருவத்தின் மேல் ஒட்டியிருந்த ஒரு கீரை இலையைப் புறங்கையால் தட்டிவிட்டாள்.

“ரெண்டுன்னு சொல்லுயா” என்றாள்.